ரொம்பக் குடிக்குது

“கார் சாவியைக் குடுங்க, சித்தப்பா.”

கர்ட்டிஸ் உடனே திரும்பவில்லை. டார்சியின் அப்பா உடலை வைத்திருந்த ஈமக்கூடத்தின் வாசல் கூரைக்குக் கீழே நின்று, சிகரெட்டின் கடைசி இழுப்பை இழுத்து, அதைப் பனிச் சகதியில் போட்டு மிதித்தார். கோட்டுப் பையை வெளிப்பக்கமாக ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது.

காலையில், கறுப்பு கவுனின் ஜிப்பை இழுத்துவிடச் சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது, அம்மா நோரீன் டார்சியிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டாள். அடக்கம் முடிகிற வரைக்கும், முடிந்தால் அதற்குப் பிறகும், சித்தப்பாவிடம் அந்தக் காரைப் பற்றிப் பேசக் கூடாது. சாவி கேட்கவே கூடாது. டார்சி சரியென்று சொல்லவில்லை. ஜிப்பை மட்டும் மேலே இழுத்துவிட்டாள்.

“எதுக்கு?” என்றார் கர்ட்டிஸ்.

“எங்கப்பா கார். அதனாலதான்.”

“இன்னிக்கு அதை நான் ஓட்டுறேன். பெட்டி போற வண்டிக்குப் பின்னாடி முதல் வண்டி அது. உங்கம்மா என் பக்கத்துல உக்காந்து வர்றா. பேசி முடிச்சாச்சு.” பிறகு, சற்று சிரிக்கப் பார்த்தார். “உனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியுமா? காலேஜ்ல அதுவும் சொல்லிக் குடுத்தாங்களா?”

“அந்தக் கார்ல அம்மாவை ஏத்தாதீங்க.”

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஏற்றக் கூடாது என்று ஒருத்தி சொன்னால் யாருமே ஏன் என்றுதான் கேட்பார்கள். கர்ட்டிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். டார்சி வாசலில் நின்று அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள்.

கார் அந்த வாசல் கூரையின் ஓரத்தில் நின்றது. சிவப்பு, இரண்டு கதவு, தாழ்ந்த மூக்கு. டார்சியைவிட அதற்கு வயது அதிகம். அவள் அப்பா வெர்னன் ஊருக்கு வெளியே கல்குவாரியின் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் வேலையில் இருந்தவர். வாழ்க்கையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார்தான், அதுவும் இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய பிறகு. கோடையில் நன்றாகத்தான் ஓடியது. இலை உதிரத் தொடங்கியபோது மைலேஜ் விழுந்தது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு இருபத்துநான்கு மைல் கொடுத்த வண்டி பதினைந்துக்கு வந்து நின்றது.

“ரொம்பக் குடிக்குதுடி” என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஆரம்பிப்பார். டார்சி கொலம்பஸில் குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வேதியியல் பட்டம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அப்பா நம்பினார். எதுவுமே தெரியாது என்று சித்தப்பா நம்பினார்.

அப்பாவும் மகளும் போனிலேயே காரைப் பிரித்து மேய்ந்தார்கள். டயரில் காற்று பார்த்தார்கள். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கச் சொன்னாள். கன்னங்கரேலென்று புகைக்கரி படிந்திருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைப் புதிதாக மாட்டினார். ஒரு வாரம் தேறியது போலிருந்தது, பிறகு பழையபடி.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம். அம்மா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தாள். அவர் தூங்கும்போது போய் மீட்டரில் ஓடிய மைலைப் பார்த்தாள். குவாரிக்குப் போய் வந்த மைல்தான் இருந்தது. அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை; மீட்டரைத் திருப்பி வைக்கத் தெரிந்த கொழுந்தன் ஒருவன் குடும்பத்தில் இருக்கிறானே. அந்தக் கொழுந்தன் கர்ட்டிஸோ, கார் பட்டறை வைத்திருப்பவர், ஆக்சிலேட்டரை மிதிக்கும் அண்ணன் வலதுகால் கனம் கூடிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

டார்சிதான் கடைசியில் சொன்னாள், புகைக்குழாயில், சென்சாருக்கு முன்னால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று. ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதை மோப்பம் பிடித்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். எஞ்சின் இன்னும் பெட்ரோலைக் கொட்டும். அடுத்த ஞாயிறு அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், ஓட்டை இருந்ததாம், கர்ட்டிஸ் ஒரு பீர் டின்னை வெட்டிக் குழாயைச் சுற்றி இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டானாம். அந்த ஊரில் அது புதிதில்லை. பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின.

எஞ்சின் பக்கத்துச் சூட்டுக்கு அந்தத் தகரம் தாங்காது, வேறு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று டார்சி கத்தினாள். “வேற எவனும் அடியில பார்க்க வேணாம்” என்றார் அப்பா. கூச்சம் என்று அவள் நினைத்தாள்.

போன ஞாயிறு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “மறுபடியும் குடி ஆரம்பிச்சாச்சு, டார்சி.” அவள் சென்சாரைப் பற்றிக் கேட்டாள். அவர் ம் என்றார். மத்தியானத்தில் தலைவலிக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், எடைமேடைக்குப் பின்னால் நிறுத்திய காருக்குள், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு இறந்து கிடந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஆள். மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பெட்ரோலுக்கு அத்தனை சந்தேகப்பட்டவர்களுக்கு மனுஷன் செத்ததற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

உள்ளே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் மேல்பாதி திறந்திருந்தது. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்து, அம்மாவின் கையைப் பிடித்து, எல்லோரும் சொல்வதையே சொன்னார்கள்: உடம்பை நன்றாக அலங்கரித்திருக்கிறார்கள், தூங்குகிற மாதிரி இருக்கிறது. செத்தவர் முன்னால் அந்த ஊர்க்காரர்கள் வேறு எதையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்று அதற்கு மேலும் ஒன்று சொன்னார்கள். தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் பெண்மணி, “உசிரோட இருந்தப்போகூட இவர் முகத்துல இப்படி ஒரு ரோஸ் நிறத்தை நான் பார்த்ததில்ல நோரீன்” என்றாள். பின்னால் நின்றவளும் ஆமாம் என்றாள்.

டார்சி எட்டிப் பார்த்தாள். அப்பா வெளிறிய மனிதர். எடைமேடைப் புழுதி படிந்து சாம்பல் பூத்த முகம். பெட்டியில் கிடந்தவரின் கன்னமும் காதும் இளஞ்சிவப்பாக இருந்தன. அவள் அவர் கையைப் பார்த்தாள். நகத்துக்கு அடியிலும் அதே நிறம். வண்டிப் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறிச் செத்தவர்களுக்கு வரும் நிறம் அது.

கையிலிருந்த கைக்குட்டையை அவள் மடித்து உள்ளே வைத்தாள். அழுகை நின்றுவிட்டது.

காப்பி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் லாய்ட் நின்றிருந்தார். குவாரியில் அப்பாவோடு வேலை பார்த்தவர். அப்பாவை முதலில் பார்த்தவர் அவர்தான். டார்சி வந்து நின்றதும் எதையாவது சொல்லியாக வேண்டும் என்று பட்டது போலிருக்கிறது, தானாகவே பேச ஆரம்பித்தார். உள்ளறையில் ஆட்கள் சிகரெட் பிடிப்பார்கள் என்பதால் வெர்னன் குளிர்காலத்தில் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவான். அன்றைக்கும் போனான். லாரிகள் வரிசையில் நின்று ஹார்ன் அடித்தும் ஆள் வரவில்லை. அதனால் தான் போய்ப் பார்த்ததாகச் சொன்னார்.

“கதவைத் திறந்ததும் முதல் வேலையா சாவியைத் திருப்பி எஞ்சினை ஆஃப் பண்ணேன்” என்றார். “பெட்ரோல் பெட்ரோல்னு அடிச்சுக்குவான் பாவம். வீணா ஓட வேணாமேன்னுதான்.”

“எஞ்சின் ஓடிட்டிருந்துச்சா, மாமா?”

“ஓடிட்டுதான் இருந்துச்சு.”

“இதை ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட சொன்னீங்களா?”

“அவங்க கேக்கலையே.” அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்தார். “உள்ள ஒரே புகை நாத்தம். எனக்கே சாயங்காலம் வரைக்கும் தலை கிண்ணுனு இருந்துச்சு. அதிர்ச்சியா இருக்கும்னு நினைச்சேன்.”

பிக்கெட்டின் அறை தாழ்வாரக் கோடியில் இருந்தது. ஈமக்கூடம் அவருடையது, ஊரில் முக்கால்வாசிப் பேரை அடக்கம் செய்தவர். டார்சி கதவைத் தட்டாமல் உள்ளே போய், அப்பா முகத்துக்கு என்ன நிறம் போட்டீர்கள் என்று கேட்டாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் முகம் மலர்ந்தது. ஒன்றுமே போடவில்லை, இவருக்குத் தேவைப்படவில்லை என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவள் ஏன் கேட்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. கையிலிருந்த பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

“குளிர்ல கிடந்த உடம்பும் இப்படித்தான் இருக்கும், மகளே” என்றார் மெதுவாக.

“கார்ல ஹீட்டர் ஓடிட்டிருந்துச்சு, சார்.”

இப்போதும் பரிசோதிக்க முடியுமா என்று கேட்டாள். உடலைப் பதப்படுத்தியதில் ரத்தம் போய்விட்டது, ஆனால் தசையிலும் மண்ணீரலிலும் பார்க்கலாம் என்று சொன்னார். அதற்கு நோரீன் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி நிறுத்தச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் யார் சம்மதமும் தேவையில்லை. மண்ணுக்குள் போன பிறகு நீதிபதி உத்தரவில்லாமல் எதுவும் நடக்காது. வழிபாடு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அதிகாரி யார் என்பது அவளுக்குத் தெரியும். நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர்தான். மாரடைப்பு என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அவள் வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் பனியிலேயே மல்லாந்து படுத்தாள். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் நகர்ந்தாள். கிழிந்து கருகிய ஒரு பீர் டின்னைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைத்தாள்.

டின் இல்லை. அடிப்பாகம் முழுவதும் சாலையில் தூவும் உப்பு தின்று துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. நடுவில் ஒரே ஒரு துண்டுக் குழாய் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. இரண்டு முனையிலும் வெல்டிங் பற்று இன்னும் நீலம் மாறாமல் இருந்தது. அதற்கு நேர் மேலேதான் ஹீட்டர் காருக்குள் காற்றை இழுக்கும் வாய்.

நகர்ந்து வெளியே வந்தபோது தலைமாட்டில் சித்தப்பாவின் பூட்ஸ்.

அவள் எழுந்தாள். முதுகெல்லாம் ஈரம். அவர் வாயில் புதினா மிட்டாயை ஒதுக்கி வைத்திருந்தார். காலையிலிருந்தே ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்.

“எப்போ மாத்தினீங்க?”

“நேத்து.” அவர் குரலில் அசைவில்லை. “ஊர்வலத்துல டப்டப்னு சத்தம் போட்டுட்டுப் போகணுமா உங்கப்பன்? அதுக்காக மாத்தினேன்.”

“பழைய துண்டு எங்க?”

“குப்பையில.”

“எந்தக் குப்பையில?”

அவர் வாயிலிருந்த மிட்டாய் பல்லில் பட்டு நொறுங்கியது. செவ்வாய்க்கிழமை மாலையே குவாரியிலிருந்து காரைக் கட்டி இழுத்துப் போனவர் அவர். யாரும் கேட்பதற்கு முன்பே போனார் என்று அம்மா நன்றியோடு சொல்லியிருந்தாள். கர்ட்டிஸ் குடியை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது என்பது ஊர்ப் பேச்சு. பட்டறை மறுபடி எழுந்தது, தேவாலயத்தில் நாற்காலி போடும் பொறுப்பு வந்தது, ஊர் மறுபடி அவரிடம் வண்டியை விட்டது. எல்லாமே அந்த ஒரு பேச்சின் மேல்தான் நின்றது. டார்சிக்கு இப்போதுதான் அப்பாவின் தாழ்ந்த குரல் முழுதாகக் காதில் விழுந்தது. மறுபடியும் குடி ஆரம்பிச்சாச்சு. அவர் காரைச் சொல்லவில்லை. வேறு மெக்கானிக் அடியில் பார்த்தால் அது யார் காலி செய்த டின் என்று கேட்பான். தம்பியின் பெயர் கெடாமல் இருக்க மனுஷன் அந்தப் புகையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

“நீங்க மறுபடியும் குடிக்கிறீங்களா, சித்தப்பா?”

கர்ட்டிஸ் அவளைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டு சாவியை எடுத்து நீட்டினார். “இந்தா. கேட்டியே. நீயே ஓட்டு.”

அவள் வாங்கவில்லை. இனி அந்தச் சாவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காரில் இருந்ததையெல்லாம் அவர் சுத்தமாகத் துடைத்துவிட்டார். அல்லது அண்ணன் கடைசியாகப் போகும் பாதையில் சத்தம் வரக் கூடாதென்று, நிஜமாகவே, விடிய விடிய உட்கார்ந்து வெல்டிங் வைத்தார். இரண்டில் எது என்று அவர் முகத்தில் எழுதியில்லை. அவள் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எழுதியில்லை. அப்பா எதனால் செத்தார் என்று எழுதியிருக்கிற இடம் இனி அப்பாவின் உடம்பு ஒன்றுதான், அதற்கு இன்னும் சற்று நேரத்தில் மூடி போட்டுவிடுவார்கள்.

கோட்டுகள் தொங்கும் சின்ன அறைக்கு அம்மாவை அழைத்துப்போய்க் கையெழுத்துக் கேட்டாள். எதையும் மறைக்காமல், எஞ்சின், நிறம், புதுக்குழாய் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு ஆச்சரியமே வரவில்லை. அதுதான் டார்சிக்குப் பயமாக இருந்தது.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் சமையலறையில உக்காந்து அழுதான்” என்றாள் அம்மா. “அண்ணனுக்காக அழற அழுகை இல்ல அது. எதுக்குடா அழறேன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவான்.”

“தெரிஞ்சுதான் சாவி கேக்காதேன்னு சொன்னியா?”

“நீ நாளைக்குக் கொலம்பஸ் போயிடுவே. கூரையில பனி தள்ள எனக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான். இதைக் கேட்டா அவன் மறுபடி பாட்டிலுக்குள்ள போயிடுவான். போனா இந்தத் தடவை திரும்ப மாட்டான். ஒரு வீட்டுல ரெண்டு பெட்டியா?”

“சித்தப்பா ஏற்கனவே போயிட்டாரும்மா.”

அம்மா உதட்டை மடித்துக்கொண்டாள்.

“இவ்வளவு நாளா பெட்ரோல் எங்க போச்சு எங்க போச்சுன்னு அப்பாவைப் பிடுங்கினியே” என்றாள் டார்சி. “எவளோ ஒருத்தி இருக்கான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னே. இப்பத் தெரிஞ்சுக்க வேணாமா?”

அம்மாவின் கண் ஒரு கணம் அவளிடமிருந்து விலகியது. பிறகு அவள் மகளின் கோட்டுத் தோளில் ஒட்டியிருந்த சகதியை நகத்தால் சுரண்டினாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கமும் சுரண்டினாள். பொத்தானைச் சரிசெய்தாள். “ஜனங்க உக்காந்துட்டாங்க. வா” என்றாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதல் வரிசையில் அம்மா நடுவில், ஒரு பக்கம் டார்சி, மறுபக்கம் கர்ட்டிஸ். பிக்கெட் பெட்டியின் தலைமாட்டில் கைகட்டி நின்று, டார்சியை ஒருமுறை பார்த்துவிட்டு, தரைவிரிப்பைப் பார்த்தார். போதகர், வெர்னனின் இதயம் பெரியது என்று ஆரம்பித்தார். அந்த இதயமே அவரைக் கைவிட்டது என்றார். வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. கர்ட்டிஸ் முழங்காலில் முகத்தைப் புதைத்தார். அம்மாவின் கை எழுந்து அவர் முதுகில் போய் அமர்ந்தது.

எல்லோரையும் எழுந்து பாடச் சொன்னார் போதகர். எல்லோரும் எழுந்தபோது டார்சியும் எழுந்தாள். நிற்கவில்லை. நடுப்பாதையில் நடந்தாள். லாய்டின் பாட்டு நின்றது. அம்மா திரும்பிப் பார்த்தாளா என்று அவள் பார்க்கவில்லை.

வெளியே ஊர்வலத்துக்கு வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பிக்கெட்டிடம் வேலை பார்க்கும் கிழவர் ஒருவர் ஒவ்வொரு வண்டியின் முன்பக்கத்திலும் காந்தம் வைத்த ஊதாக் கொடியை ஒட்டிக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் ஒரு கொடியை உயர்த்தி, எந்த வண்டி என்று கேட்டார்.

“நான் நடந்து போறேன்” என்றாள்.

மயானம் ரொம்ப தூரமாச்சே என்றார் அவர். அவள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நீதிமன்றமும் எதிரே அந்த டாக்டரின் மருத்துவமனையும் இருக்கும் பக்கமாக, உப்புத் தூவிய நடைபாதையில் இறங்கினாள். பின்னால் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது.